பற்கறையும் ஊர்நீரும்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே நாம் ஓதிக்கொடுக்கும் சிற்றூர் மத்ரஸாவில், பத்து வயதுச் சிறுவன் ஒருவனை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நிறுத்திக் கடிந்துகொண்டோம். அவன் முன்பற்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது. மிஸ்வாக்கின் சிறப்பைப் பற்றிய பாடத்தை அன்றுதான் நடத்தியிருந்தோம். ஆகவே நம் சினத்திற்கு ஆதாரமும் கைவசம் இருந்தது! "தினமும் துலக்குகிறேன் ஹஸ்ரத்" என்றான். நாம் நம்பவில்லை. அதன்பின் அவன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே ஓதலானான்.

அச்சிறுவர் இன்று சுற்றுச்சூழலுக்கும் மக்கள் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பை ஆராயும் பேராசிரியர். சென்ற நோன்புப் பெருநாளன்று நம்மைக் காண வந்தவர், ஒரு நிலப்படத்தை விரித்தார். ஊர்தோறும் குழாய்க்கிணற்று நீரைப் புட்டியில் எடுத்து, ஒவ்வொரு கிணற்றின் இருப்பிடத்தையும் செயற்கைக்கோள் உதவியால் குறித்து, நீரிலுள்ள ஃபுளோரைடின் அளவுக்கேற்ப நிறந்தீட்டிய படம் அது. கிப்லாவின் திசையறிய நாம் கற்ற 'அர்ளுல் பலத்', 'தூலுல் பலத்' என்னும் அவ்விரு அளவைகளே கிணற்றுக்கும் முகவரியாவதைக் கண்டு வியந்தோம். கிணறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தின் நிறம், அண்டைக் கிணறுகளைக் கொண்டு கணித்ததே. பாறைவெடிப்பு மாறினால் பக்கத்துக் கிணறே வேறு நீர் தரும் என்று அவரே எச்சரித்தார்.

ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைத்து வருவதை ஊரே பேசுகிறது. பெங்களூரின் கழிவுநீர் அதில் கலக்கிறது. நுரை கண்ணுக்குத் தெரிகிறது, நாற்றம் மூக்கில் ஏறுகிறது. தீங்கெல்லாம் ஆலையாலும் நகரத்தாலும் வருவதென்றே நாமும் எண்ணியிருந்தோம். ஃபுளோரைடோ பாறைக் கனிமங்களிலிருந்து கரைந்து வருவது; நிறமில்லை, மணமில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. பல் ஈறுக்குள் உருவாகும் இளமையிலேயே கறை அமைந்துவிடுகிறது. பின்னர் எக்குச்சியால் துலக்கியும் பயனில்லை. காய்ச்சினாலும் நீங்காது, நீர் சுண்டச்சுண்ட அடர்த்திதான் கூடும். நெடுங்காலம் மிகுதியாக அருந்தினால் எலும்பும் மூட்டும் இறுகும். இதையறியாமல், 'பரம்பரைக் கறை' என்று கூறிப் பெண்பார்க்க வந்தோர் திரும்பிச் சென்றதையும் நாம் கண்டதுண்டு.

நம் பற்கள் மட்டும் வெண்மையாயிருப்பதேன் என்று வினவினோம். "தாங்கள் இவ்வூருக்கு வந்தபோது தங்களுக்கு வயது இருபத்தெட்டு, ஹஸ்ரத்" என்றார். அவ்வெண்மையை நாம் நம் ஒழுக்கத்தின் கணக்கில் எழுதி வைத்திருந்தோம்.

பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவின் மருத்துவர் அலீ இப்னு ரிள்வான், மிஸ்ரு மக்களின் நோய்களை அந்நாட்டின் காற்றோடும் நைல் நீரோடும் பொருத்தி ஒரு நூலே எழுதினார். அதன் பெயரை வகுப்பில் பெருமையுடன் சொல்லிவந்த நாம், நம் கிணற்றை எட்டிப் பார்த்ததில்லை.

மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைக் கேளாதவர்போல், "அந்தக் குழாய்க்கிணறு இன்னும் ஓடுகிறதா?" என்றார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தால் இம்மாவட்டத்திற்குக் காவிரிநீர் வருகிறது. ஆயினும் அது தீர்ந்த பொழுதுகளில் நம் பிள்ளைகள் கிணற்றுக் குழாயிலேயே வாய்வைத்தனர். அவருடைய படத்தில் நம் மத்ரஸா இருக்குமிடம் கருஞ்சிவப்பு.

ஒளூவுக்கு அந்நீரால் பழுதில்லை, குடிக்கத்தான் ஆகாது என்றார். அன்று அஸருக்குப்பின் அட்டையொன்றில் அவ்வாறே எழுதிக் குழாயில் தொங்கவிட்டோம். எழுத்தறியாச் சிறார்களுக்காக, குடிக்கும் குவளையைச் சங்கிலியோடு கழற்றி எடுத்தோம்.