மெஷினுக்கு எப்படித் தெரியும் அத்தையின் மச்சம்?

"ஏளா, இது எங்கம்மால்லா!"

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த என் நாத்தனார், காபி டம்ளரைக் கீழே வைக்காமலேயே என் லேப்டாப் திரையைக் காட்டிக் கேட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. "இல்லை மதினி, இது நிஜ ஆள் இல்லை. மெஷின் வரைஞ்ச படம்" என்றேன் பெருமையாக.

"மெஷின் வரைஞ்சுதா? தாடையில எங்கம்மாவுக்கு இருக்கிற மச்சம் மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

சுருக்கென்றது. திரும்பப் பார்த்தேன். புடவை வேறு. வாசல் வேறு. பின்னால் நான் கண்டே இராத ஒரு வேப்பமரம். ஆனால் முகம்? காது வளர்த்துப் பாம்படம் போட்டுக் கழற்றிய அந்தத் தொங்கும் காதுகள், இடப்பக்க மச்சம், கோலப்பொடியை விரலிடுக்கில் பிடிக்கும்போது உதட்டை ஒரு பக்கம் மடித்துக் கொள்வது, எல்லாம் எண்பத்து நாலு வயதான என் மாமியாரேதான். உள் அறையில் அவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் காலேஜ் போன பிறகு பகலில் கையில் கொஞ்சம் நேரம் மிஞ்சியது. தையல், ஊறுகாய் எல்லாம் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவள் நான். ஏ.ஐ. என்கிற செயற்கை நுண்ணறிவிடம் "இப்படி ஒரு படம் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் அது வரைந்து தரும். அதை இணையத்தில் ஸ்டாக் படம் விற்கும் நிறுவனங்களுக்கு அனுப்பினால், யாராவது வாங்கும்போதெல்லாம் நமக்குச் சிறு பங்கு வரும் என்று என் பெரியவன் காட்டிக் கொடுத்தான். ஸ்டாக் படம் என்றால் வேறொன்றுமில்லை. காலண்டர், விளம்பரம், ஆஸ்பத்திரி நோட்டீஸ், பிஸ்கட் டப்பா என்று யாருக்கு என்ன படம் வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளும் ஒரு பெரிய படக்கடை.

எல்லாக் கடைகளும் இதை வாங்குவதில்லை. கெட்டி இமேஜஸ் 2022 செப்டம்பரிலேயே ஏ.ஐ. படங்களை எடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. அதே வருஷம் டிசம்பரில் அடோபி ஸ்டாக், இது ஏ.ஐ. படம் என்று குறிப்பிட்டு அனுப்பினால் ஏற்கிறோம் என்றது. நான் அனுப்பியது எந்தக் கடை என்பது இங்கே முக்கியமில்லை. தப்பு கடையினுடையது அல்ல, என்னுடையது.

மார்கழியில் வாசலில் அத்தை கோலம் போடும்போது என் போனில் எடுத்த ஒரு படம் இருந்தது. வெறும் வார்த்தையில் எழுதிக் கேட்டால் மெஷின் தரும் பாட்டிகள் எல்லாரும் சினிமா பாட்டி மாதிரி பளபளவென்று வந்தார்கள். அதனால், "இதைப் போல ஒரு பாட்டி" என்று அத்தையின் படத்தையே மாதிரியாகக் கொடுத்தேன். அடாடா, என்ன அருமையாக வந்தது! படத்தைக் கடையில் ஏற்றும்போது ஒரு கேள்வி வந்தது: படத்தில் உள்ளவர் கற்பனை மனிதரா? ஆமாம் என்று டிக் அடித்துவிட்டுக் குக்கரை இறக்கப் போனேன். அவ்வளவுதான் நான் யோசித்தது.

நாத்தனார் ஊருக்குப் போன அன்று ராத்திரி உட்கார்ந்து, முதலிலேயே படித்திருக்க வேண்டிய விதிகளைப் படித்தேன். சகோதரிகளே, இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் டிக் அடிப்பதற்கு முன் படியுங்கள். நான் பின்னால் படித்தேன்.

வார்த்தையை மட்டும் கொடுத்து, நிஜத்தில் யாருமே இல்லாத ஒருவரை மெஷின் வரைந்தால் அது கற்பனை மனிதர். அதற்கு யாரிடமும் கையெழுத்து வேண்டாம். ஆனால் ஒரு நிஜ மனிதரின் போட்டோவை மாதிரியாகக் கொடுத்திருந்தாலோ, வரைந்து வந்த முகம் இன்னார் என்று அடையாளம் தெரிந்தாலோ, 'மாடல் ரிலீஸ்' வேண்டும். போட்டோகிராபர்கள் காலங்காலமாக வாங்கி வரும் அதே காகிதம்தான். "என் உருவத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று அந்த முகத்துக்கு உரியவர் பெயர், பிறந்த தேதி, விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வயது ஆகாத குழந்தை என்றால் அம்மாவோ அப்பாவோ போட வேண்டும். கையில் கேமரா இருந்தால் என்ன, மெஷின் இருந்தால் என்ன, முகம் யாருடையதோ அவருடையதுதானே!

வீடுகளுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு, 'பிராப்பர்ட்டி ரிலீஸ்'. என் தோழி ஒருத்தியின் பிறந்த வீடு செட்டிநாட்டு வீடு. அந்த முற்றத்துப் படத்தை மாதிரியாகக் கொடுத்து நாலைந்து படம் செய்து வைத்திருந்தேன். தூண் செதுக்கல், கதவு நிலை எல்லாம் அச்சாக அப்படியே. பார்த்தால் அந்த வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள். நல்லவேளை, அனுப்பவில்லை. அழித்துவிட்டேன்.

பிரபலங்கள் விஷயம் கோர்ட் வரை போயிருக்கிறது. தன் பெயரையும் உருவத்தையும் பாணியையும் ஒரு இந்திப் படம் பயன்படுத்துகிறது என்று ரஜினிகாந்த் வழக்குப் போட, 2015-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2023-ல் நடிகர் அனில் கபூருக்கு டில்லி உயர்நீதிமன்றம் கொடுத்த உத்தரவில், ஏ.ஐ. கொண்டு அவர் உருவத்தைப் பயன்படுத்துவதையும் சேர்த்தே தடுத்தார்கள். அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார். என் அத்தைக்கு யார் இருக்கிறார்கள்? நான்தானே இருக்க வேண்டும்!

மறுநாள் காலை மாடல் ரிலீஸ் படிவத்தை அச்செடுத்து எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தையும் காட்டினேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். முதலில் வந்தது சிரிப்பு.

"இந்தச் சேலை நல்லாருக்கே. நான் எப்ப இதைக் கட்டினேன்?"

அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "இதை வித்துட்டியாக்கும்?"

"மூணு பேர் வாங்கியிருக்காங்க அத்தை. மொத்தம் ஒரு டாலருக்குக் கொஞ்சம் கம்மி."

"துட்டு கிடக்கட்டும். என் மூஞ்சிய விக்கிறதுன்னா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா?"

எனக்குப் பதில் இல்லை. தினமும் சாம்பாருக்கு எந்தக் காய் நறுக்க என்று அத்தையைக் கேட்கிறவள் நான்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை இறங்கி வந்தார். "சரி, கோலம் போடுத மாதிரி காலண்டர்ல வந்தா வந்துட்டுப் போகட்டும். மூட்டுவலித் தைலத்துக்கும், புத்தி பேதலிச்ச கிழவிக்கு மாத்திரைன்னும் என்னைப் போடப்பிடாது. அப்படின்னு அந்தத் தாள்ல எழுது, கைநாட்டு வைக்கேன்." அத்தைக்குக் கையெழுத்தே போடத் தெரியும், கோபம் இருந்தால் கைநாட்டு என்பார்.

அப்படி எழுத அந்தத் தாளில் இடமில்லை. படிவத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பொதுவாகச் சம்மதம் என்றால் எல்லா வியாபாரத்துக்கும் சம்மதம்தான். இதற்கு ஆம், அதற்கு இல்லை என்று நம்மால் பிரிக்க முடியாது. ஒருவரைக் கேவலமாகக் காட்டும்படி பயன்படுத்தக் கூடாது என்று வாங்குகிறவர்களுக்கும் கடை விதி வைத்திருக்கிறது, வாஸ்தவம். ஆனால் தைல விளம்பரம் கேவலம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அத்தைக்கு அது கேவலம். அவர் இன்றைக்கும் மாடிப்படி ஏறுகிறவர்.

"அப்பம் வேண்டாம்" என்று தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றே படத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். அது சுலபம், நாலு தட்டில் முடிந்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே வாங்கிய மூன்று பேரிடமிருந்து அதைத் திரும்ப வாங்க முடியாது. நாம் எடுத்துவிட்டாலும் அவர்கள் வாங்கிய உரிமை அவர்களுக்குத்தான். அவர்கள் யார், எந்த ஊர், எதற்கு வாங்கினார்கள் என்று எனக்குச் சொல்லவும் மாட்டார்கள்.

இப்போதும் நான் படம் விற்கிறேன், நிறுத்தவில்லை. வெறும் வார்த்தையில்தான் கேட்கிறேன். பழக்கூடை, பித்தளைக் குடம், மழை பெய்யும் தெரு. மனிதர்கள் வேண்டுமென்றால் வந்த முகத்தை வீட்டில் நாலு பேரிடம் காட்டி, "யாரையாவது ஞாபகப்படுத்துகிறதா?" என்று கேட்ட பிறகே டிக் அடிக்கிறேன். போன மாதம் எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருக்கும் இளம் தாய், "அக்கா, என் பாப்பா போட்டோ தர்றேன், கொழுகொழுன்னு பத்துப் படம் பண்ணுங்களேன், பாதிப் பாதி" என்றாள். கையெழுத்துப் போட அவளுக்கு உரிமை இருக்கிறது, சட்டப்படி தப்பே இல்லை. ஆனாலும் முடியாது என்றுவிட்டேன். அவளுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான். பாப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அத்தை மாதிரி அவளால் "தைலத்துக்கு வேண்டாம்" என்று சொல்ல முடியாதே!

அத்தை அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. ஒரே ஒருநாள் மட்டும், "அந்தச் சேலை மாதிரி ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார். மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர். தி.நகரில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மருந்துக்கடை வாசலில் வயதான அம்மாள் படம் போட்ட போஸ்டர் எதைப் பார்த்தாலும் என் கால் நின்றுவிடுகிறது. முதலில் தாடையின் இடப்பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.