சத்துணவு ஆயா

சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியுமுன்பே வந்து ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு ஓடி ஏறுகிறவர்களில் என் வயசுப் பிள்ளைகளும் இருப்பார்கள். எண்பதுகளின் தொடக்கம். மழையை நம்பிய கரிசல் காடு, வீட்டுக்கு வீடு கடன். பிள்ளையைக் காட்டி முன்பணம் வாங்கிய வீட்டில் பள்ளிக்கூடப் பேச்சே எழாது.

என்னோடு படித்தவன் ஒருவன், எங்கள் பக்கத்துத் தெரு. அப்பா இல்லை, அம்மாவுக்கு ஓயாத இருமல். அக்கா ஆபீஸுக்குப் போனாள். இவன் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவான். மைதாப் பசைச் சட்டி ஒரு பக்கம், காயப்போட்ட பெட்டிகள் மறுபக்கம். ஆட்காட்டி விரலால் பசை தொட்டு, தாளை நீவி, ஒரே மடிப்பில் மூலையைப் பிடித்துவிடுவான். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வகுப்பில் அவனுக்குத்தான் முதலில் வந்தது.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது எங்கள் பள்ளிக்கு ஓர் ஆயா வந்தார். அவன் வராத நாளில் கரண்டியை நிறுத்திவிட்டு, "எய்யா, அவன எங்க காணோம்?" என்று என்னிடம் கேட்பார். சாயங்காலமே அவன் வீட்டு வாசலில் நிற்பார். "ராத்திரி ஒட்டிக்கிடலாம் தாயி, நானும் வந்து கைகுடுக்கேன். பகல்ல பயல அனுப்பு." சொன்னபடி வந்து ஒட்டவும் செய்தார். நகக்கண்ணில் பசை காய்ந்திருக்க, மறுநாள் எங்களுக்குச் சோறு போடுவார்.

ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்த எம்மி வெர்னரின் ஆய்வைப் பின்னாளில் படித்தேன். வறுமையும் குடும்பச் சிக்கலும் சேர்ந்து அழுத்த வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார்கள். பாட்டியோ ஆசிரியரோ அக்கம்பக்கத்தாரோ, அக்கறை விடாத ஒரு பெரியவர் அவர்களுக்கு வாய்த்திருந்தார். எனக்கு உடனே ஆயாவின் குரல் கேட்டது.

அவன் அக்காவின் நினைவும் வந்தது. அதே வீடு, அதே கஞ்சி, தம்பியைவிடச் சூட்டிகையானவள். அவள் படிப்பை நிறுத்தியபோது சத்துணவும் வரவில்லை, ஆயாவும் வரவில்லை. ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று ஒருவரும் அவளைத் தேடிப் போகவில்லை. இதை என்னால் இன்றும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அவன் பாலிடெக்னிக் முடித்து மின்வாரியத்தில் சேர்ந்தான். அக்கா மகளைப் படிக்கவைக்கிற செலவு அவனுடையது. ஹாஸ்டலிலிருந்து மருமகள் இரண்டு நாள் போன் பண்ணவில்லை என்றால் லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறிவிடுவான்.