ஓரச் சிப்பாய்

பொதட்டூர்பேட்டையில் தறியொலி அடங்கும் அந்திப் பொழுதில், பாடம் முடிந்தபின் மாணவர் ஒருவருடன் சதுரங்கம் ஆடுவது நம் வழக்கம். ஒருநாள் அவர் குதிரையை வெளிக்கொணராமல் ஓரச் சிப்பாயை இருமுறை தள்ளினார். தொடக்கத்திலா இது எனக் கடிந்துகொண்டோம். "ஹஜ்ரத், கைப்பேசி இதைத்தான் நல்ல நகர்வு என்கிறது" என்றார் பணிவுடன்.

அரபு மக்கள் தொடக்க அணிவகுப்பைத் 'தஅபியா' என்றனர். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அஸ்ஸூலி சதுரங்கம் பற்றி நூலே எழுதினார். அன்றைய மந்திரி கோணத்தில் ஒரு கட்டமே நகர்வார். ஆதலால் நிதானமாக அணிவகுக்க நேரமிருந்தது. இன்றோ, 2017இல் ஆல்ஃபாசீரோ என்னும் இயந்திரம் விதிகளை மட்டும் அறிந்து, தன்னோடு தானே ஆடிக் கற்று, ஸ்டாக்ஃபிஷ் இயந்திரத்தை 100 ஆட்டங்களில் 28 முறை வென்றது, ஒன்றிலும் தோற்கவில்லை. அது ஓரச் சிப்பாயைச் செலுத்திய விதத்தை மேதைகளும் பின்பற்றலாயினர். கீழ்த்திசையின் 'கோ' ஆட்டத்திலும் இதே கதைதான். மூலையின் மூன்று-மூன்று புள்ளியில் தொடக்கத்திலேயே புகுவது பிழையென்று ஆசான்கள் போதித்துவந்தனர். ஆல்ஃபாகோ ஆடிக் காட்டியபின் அதுவே வழக்கமாயிற்று.

"சரி, ஏன் நல்லது?" என்றோம். அவர் விழித்தார். உண்மையில் நமக்கும் தெரியவில்லை. கடிந்ததற்கு நாணினோம், காரணம் அறியாத விடையை ஏற்கவும் மனம் ஒப்பவில்லை. 2024இல் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற சென்னை குகேஷை, கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை இயந்திரத்தை நாடவிடவில்லையாம் அவருடைய ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா. இதைச் சொன்னதும் மாணவர் கைப்பேசியைப் பைக்குள் வைத்தார்.

அதே நிலையை மீண்டும் அடுக்கினோம். இருமுறை தோற்றோம். மூன்றாம் முறை அச்சிப்பாய் நம் ராஜாவின் வாசலை அடைத்து நின்றபோது, "ஹஜ்ரத், இதற்குத்தான்!" என்று அவரே கூவினார்.