காற்றில்லாத காடு

அந்தப் படத்தை விற்று ஆறு வருஷம் ஆகிறது. நாலடிக்கு மூன்றடி கேன்வாஸ். ஊதா நிறத்தில் மரங்கள், மஞ்சள் வானம், தரையெல்லாம் கத்தியால் அப்பிய ஆரஞ்சு. சென்னையில் ஒரு கூட்டுக் கண்காட்சி. படத்தின் முன்னால் வெகுநேரம் நின்ற ஒருவர், "இது உங்க ஊர்க் காடா?" என்று கேட்டார்.

"ஆமா சார். வடகரை. குற்றாலத்துக்குப் பக்கம்" என்றேன்.

பொய். ஏதோ குளிர்நாட்டுப் பைன் காட்டை ஃபோனில் பார்த்து, உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றியிருந்தேன். அவர் படத்தை வாங்கினார். பின்புறம் ஒட்டிய தாளில் 'வடகரைக் காடு' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

வடகரையில் கதவைத் திறந்தாலே மலைதான். மேக்கரைக்குப் போனால் அடவிநயினார் அணை. அது 132 அடி நிறைந்துவிட்டால் ஊரில் அன்றைக்கு வேறு பேச்சில்லை. அடவி என்றால் காடு. அணையின் பெயரிலேயே காடு இருக்கிற ஊரில் பிறந்த நான், காட்டைப் பார்க்க ஃபோனைத் திறந்தேன். அப்பாவின் தோப்பில் யானை புகுந்து தென்னம்பிள்ளைகளைப் பிடுங்கிப் போட்டதைக்கூட சென்னையில் இருந்தபடி கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஆன்றி ரூசோ. பாரிஸில் சுங்கச்சாவடிக் குமாஸ்தாவாக இருந்தவர். புலியும் குரங்கும் உலவும் அடர்காடுகளை வரைந்தவர். பிரான்ஸை விட்டு வெளியே போனதில்லை. அவர் வரையலாம், நான் வரையக்கூடாதா? அவர் பாரிஸ் தாவரவியல் பூங்காவுக்குப் போய், கண்ணாடிக் கூடங்களில் இருந்த செடிகளைக் கண்ணாரப் பார்த்து வந்து வரைந்தவர் என்பதும் எனக்குத் தெரியும். அதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டேன்.

அடுத்த ஆடியில் ஊருக்குப் போனேன். அதே வரிசையில் இன்னொரு படம் திண்ணையில் சாய்ந்திருந்தது. சாரலில் நனைந்து தோப்பிலிருந்து வந்த அப்பா, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அதைப் பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எல, இதுல காத்து எங்கிட்டு இருந்து அடிக்கு?"

"இது கற்பனைக் காடுப்பா."

"கற்பனக் காட்டுல காத்து அடிக்காதோ?"

அவர் கைகால் கழுவப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். என் படத்தில் ஐம்பது மரம் இருக்கும். எல்லாம் கம்பம் நட்ட மாதிரி நேராக நின்றன. காற்று அடித்த சுவடும் இல்லை, நீர் ஓடிய சுவடும் இல்லை.

மறுநாள் காலையில் அவரோடு தோப்புக்குப் போனேன். சாரல் காலத்தில் ஆரியங்காவு வழியாக மேகாத்து இறங்கும். சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான். தோப்பின் ஓரத்து மரங்கள் வருஷக்கணக்கில் அதை வாங்கிக் கிழக்கே சாய்ந்தே வளர்ந்திருந்தன. ஒரு வீச்சு வந்தால் இலைகள் எல்லாம் ஒன்றாய்ப் புரளும். பச்சை மரம் ஒரு நொடி சாம்பல் மரமாகிவிடும். வீச்சு நின்றதும் மறுபடி பச்சை. ஒரு மாமரத்தில் பிந்தித் துளிர்த்த ஒரு கொத்து மட்டும் செம்பும் ஊதாவும் கலந்து தொங்கியது. தளிரில் பச்சையம் சேரும் முன்னே செந்நிறமி சேர்ந்துவிடுவதால் வருகிற நிறம் அது. நான் சென்னையில் இரண்டு மூன்று டியூப்களைப் பிதுக்கிக் கலந்து தேடிய ஊதா, அப்பாவின் மாமரத்தில் இருந்தது.

அந்த மரத்தின் பட்டையில் தாளை வைத்துக் கரியால் தேய்த்தேன். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் பிரான்ஸின் கடலோர விடுதி ஒன்றில், தேய்ந்துபோன தரைப்பலகைமேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்ததைப் படித்திருக்கிறேன். பிறகு அதே முறையை எண்ணெய் வண்ணத்துக்கும் கொண்டுபோய், சுரண்டிச் சுரண்டித்தான் அவருடைய பயமூட்டும் காடுகள் பிறந்தன. படித்ததுதான், என் கை அதுவரை செய்ததில்லை. தாள் சாரலில் நமுத்து இரண்டு தரம் கிழிந்தது. மூன்றாவது தாளில் பட்டையின் வெடிப்புகள் ஏறின, ஆற்று வரைபடம் மாதிரி. பாசிப்படலம் பூத்த இடங்கள் வட்ட வட்டமாக விழுந்தன. எறும்பு வரிசை ஒன்று தாளுக்கடியில் நசுங்கியிருந்தது. அதற்கு வருத்தப்பட்டேன்.

சென்னை திரும்பும் முன் குற்றாலத்தில் சித்திர சபைக்குள் போனேன். சிறு வயதில் எத்தனையோ தரம் அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தோடு அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன். நடராஜரின் ஐந்து சபைகளில் இங்கேதான் அவர் சுவரில் ஓவியமாக இருக்கிறார். பெருமாளை நீலமாகவும் மீனாட்சியைப் பச்சையாகவும் எழுதிய மரபு நம்முடையது. பச்சை மேனியில் ஒரு பெண் உண்டா என்று எந்தப் பக்தரும் கேட்டதில்லை. கால் ஊன்றிய இடத்தில் உடம்பின் பாரம் இருக்கிறது, விரல் மடங்கினால் மடங்கியதற்கு அர்த்தம் இருக்கிறது. நிறம் எதுவானாலும் உடம்பு நம்பவைத்துவிடுகிறது. அப்பா கேட்டதும் அதைத்தான் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது பட்டது.

புதுப் படத்துக்கு நாலு மாதம் ஆனது. எண்ணெய் வண்ணம் காற்றின் ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகும். தடித்துப் பூசினால் மேலே ஆடை கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும். அதனால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, ஈரமாக இருக்கும்போதே மாம்பட்டையை அடியில் வைத்துச் சுரண்டினேன். வானம் இப்போதும் மஞ்சள்தான். மரங்கள் ஊதாதான். எல்லாம் கிழக்கே சாய்ந்திருக்கின்றன.

அதை எடுத்துக்கொண்டு, பழைய படத்தை வாங்கியவரின் வீட்டுக்குப் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தார். பழையது மகளுக்குப் பிடிக்கும், அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் தூங்குவாள், இருக்கட்டும் என்றார். கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்புறம் திருப்பித் தந்தார். 'வடகரைக் காடு' என்பதை அடித்தேன். கீழே என் கையெழுத்தையும் தேதியையும் மட்டும் விட்டுவைத்தேன்.