தேய்ந்த ரேகை

"ரேகை விழவில்லை அம்மா, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாருங்கள்!"

நியாயவிலைக் கடையில் இச்சொல் கேட்டு என் அன்னை தலைகுனிந்தார். கழுவினார், முந்தானையில் துடைத்தார், மீண்டும் விரல் வைத்தார். கருவி மறுத்தது. மரக்காணம் உப்பளத்தில் முப்பதாண்டு பலகை பிடித்து உப்பு வாரிய கை அது! அந்தக் கை ஈட்டிய கூலியில் பட்டம் பெற்று ஆசிரியனானவன் நான்.

வெறும் பையோடு வீடு திரும்பும் வழியில் அன்னை கேட்டார்: "கையில ரேகையே இல்லையாமேப்பா? அவ்வளவுதானா என் தலையெழுத்து?"

சுட்டது அக்கேள்வி. பிரம்மதேசம் எனும் ஊரில் பிறந்தும் பிரம்மன் எழுத்தை நம்பாதவன் நான். கைரேகை பார்க்க வந்தவரை, "ரேகையில் வாழ்வில்லை" என்று வாதாடி வாசலோடு அனுப்பியவன். இன்றோ, ரேகையில்தான் அரிசி இருக்கிறதாம்!

அறிவியலைப் பழிக்கவில்லை, தோழர்களே! விரல் வரிகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளைக்கின்றன என்பதையே கருவி காண்கிறது. வரி தேய்ந்தால் திகைக்கிறது. அது கருவியின் எல்லை. அதனை ஏழையின் குற்றமாக்குவதோ மனிதர் செயல்!

இந்த ரேகைக்கு ஒரு வரலாறு உண்டு. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் எனும் ஆங்கில அதிகாரி, ஒப்பந்தத்தை உறுதிசெய்ய ஒருவரின் உள்ளங்கையைப் பதியவைத்தார். பின்னாளில் அதே ரேகை, பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரையிட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கருவியாயிற்று. ரேகை தர மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் உள்ளிட்டோர் மாண்டனர். அன்று, "ரேகை கொடு" என்று கொடுமை. இன்று, "ரேகை இல்லை" என்று மறுப்பு!

2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்சநீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது. ஆயினும், ரேகை பொருந்தாமையால் உரியவருக்குப் பயன் மறுக்கப்படலாகாது என்றும் கூறியது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சந்திரசூட், சட்டமே செல்லாது என்றார். மனிதரின் கண்ணியம் இயந்திரக் கணக்கைச் சார்ந்து நிற்கலாகாது என்றார்.

மறுநாள் அன்னையுடன் நானும் சென்றேன், தீர்ப்பை எடுத்துரைத்தேன். கைப்பேசிக்கு வந்த எண்ணைக் காட்டினோம், அரிசி கிடைத்தது. மகிழ்ச்சியில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற பாட்டிக்குக் கைப்பேசியும் இல்லை, படித்த மகனும் இல்லை! அன்று அவருக்காகவும் வாதாடினேன். அடுத்த மாதம்?

இளைஞர்களே! உங்கள் ஊர்க் கடையில் வெறும் பையோடு திரும்புவோர் யாரென்று பாருங்கள், உடன் செல்லுங்கள். உழைத்துத் தேய்ந்தது ரேகை. உரிமையுமா தேய வேண்டும்?