கண்ணும் வாயும் காய்ந்தால்

அக்கா சின்ன வெங்காயம் உரித்தால் கண் எரியும். ஒரு சொட்டு நீர் வராது. இட்லிகூடச் சாம்பாரில் ஊறினால்தான் தொண்டையில் இறங்கும். கண் மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். பல் மருத்துவர் சொத்தையை அடைத்தார். விரல் மூட்டு வலிக்கு எலும்பு மருத்துவர் மாத்திரை எழுதினார். "தீட்டு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் உறவினர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர் மூட்டுவாத மருத்துவர். ஷோக்ரென் நோய் என்றார்.

உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் இது. சுவீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென் 1933-இல் தம் ஆய்வேட்டில் 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. இன்றும் இந்நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்களே. டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியிலிருந்து பாதியில் விலகியதும் இதனால்தான். வறட்சியைவிட ஆளைச் சாய்ப்பது இந்நோய் தரும் சோர்வு.

நோயை உறுதிசெய்ய, அக்காவின் கீழ் இமைக்குள் மெல்லிய காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையவில்லை என்றால் கண்ணீர் குறைவு என்று பொருள். அக்காவின் காகிதம் நுனியில் மட்டுமே ஈரமானது. பிறகு ரத்தத்தில் எதிர்-ரோ என்ற எதிர்பொருள் இருக்கிறதா என்று பரிசோதனை. உள்ளுதட்டிலிருந்து சிறு சதைத் துணுக்கும் எடுத்துப் பார்த்தார்கள்.

நோயை அடியோடு போக்கும் மருந்து இல்லை. ஆனால் வறட்சியோடு வாழ வழி உண்டு. கெடாமல் காக்கும் ரசாயனம் சேர்க்காத செயற்கைக் கண்ணீரை அக்கா கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாமல் படுக்கிறாள். தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் வாய் நனைய நனையக் குடிக்கிறாள். மிட்டாய் சப்பினால் பல் போய்விடும் என்பதால் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுகிறாள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் மாத்திரைகள் பல வறட்சியைக் கூட்டும். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் எதையும் விழுங்குவதில்லை.

கன்னத்தோரம் வீக்கம் வந்து வற்றாமல் நின்றால் உடனே காட்ட வேண்டும். அரிதாக அது நிணநீர்ப் புற்றுநோயாக மாறக்கூடும். எதிர்-ரோ இருக்கும் பெண் கருவுற்றால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிப்பார்கள்.

உங்கள் வீட்டில் ஒரு பெண் கண் உறுத்துகிறது, வாய் காய்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது என்று தொடர்ந்து சொன்னால் வயதின் மேல் பழி போடாதீர்கள். மூன்றையும் ஒரே தாளில் எழுதி, ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.