அவன் ஏன் பாயவில்லை

2012ஆம் ஆண்டு மே மாதம், பால்டிமோர் நகருக்கு வெளியே ஒரு பள்ளி மைதானத்தின் இருக்கையில் அமர்ந்து நாம் ஒரு தீர்ப்பு வழங்கினோம். தவறான தீர்ப்பு. அதைத் திரும்பப் பெற ஆறு வாரங்கள் ஆயின. எழுதிவைக்க இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அக்காள் மகனுக்கு அப்போது 16 வயது. பள்ளியின் இளையோர் பேஸ்பால் அணியில் ஆடிவந்தவனை இரண்டு வாரங்களுக்கு முன்புதான் முதல் அணிக்கு உயர்த்தியிருந்தார்கள். இடம், சென்டர் ஃபீல்டு. பேஸ்பாலில் மைதானத்தின் பின்பரப்பைக் காப்பவர்கள் மூவர். அவர்களுள் நடுவில் நிற்பவனுக்கே அதிக நிலப்பரப்பு. அவனுக்குப் பின்னால் வேலியைத் தவிர எவரும் இல்லை. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நமக்கு இந்தக் கடைசிச் செய்தி அன்று விளங்கியிருக்கவில்லை.

பள்ளி ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ். எதிரணியின் கடைசி வாய்ப்பில் எங்கள் பையனின் அணி ஓர் ஓட்டம் முன்னிலையில் இருந்தது. ஒருவர் அவுட், முதல் பேஸில் ஓர் ஓட்டக்காரன். அடிபட்ட பந்து உயரம் போதாமல், இன்ஃபீல்டர்களின் தலைக்கு மேலே சென்று, சென்டர் ஃபீல்டுக்கு முன்னால் இறங்கியது. பையன் பாய்ந்தோடி வந்தான். பாய்ந்து விழுந்தால் கிட்டிவிடும் என்று நமக்குத் தோன்றிய தூரத்தில் சட்டென்று வேகத்தைக் குறைத்தான். பந்து தரையில் பட்டு எழும்பியதும் பிடித்து மூன்றாம் பேஸை நோக்கி எறிந்தான். ஓட்டக்காரன் இரண்டாம் பேஸிலேயே நின்றுகொண்டான். அடுத்து வந்தவன் இடப்புற மூலைக்கு ஓங்கி அடித்தான். இருவர் ஓடி வந்து சேர்ந்தார்கள். ஆட்டம் போயிற்று.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நாம் சொன்னோம்: “பாய்ந்திருந்தால் பிடித்திருக்கலாம். கடைசி நேரத்தில் பயந்துவிட்டான்.”

அக்காள் நம்மை ஒரு பார்வை பார்த்தாள். பையன் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அடுத்த ஆட்டத்தில் அவன் வெளியே உட்காரவைக்கப்பட்டான். பயிற்சியாளரின் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் ‘பயந்துவிட்டான்’ என்ற சொல்லை உச்சரித்தவர் நாம் ஒருவரே.

ஜூன் 27ஆம் நாள் அத்தான் எல்லோருக்கும் சீட்டு வாங்கி, கேம்டன் யார்ட்ஸ் மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு எதிராக லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ். ஏஞ்சல்ஸின் சென்டர் ஃபீல்டர் மைக் ட்ரௌட்டுக்கு அப்போது 20 வயது. முந்தைய ஆண்டு சிறிது காலம் மேல் அணியில் ஆடிவிட்டு, 2012 ஏப்ரல் 28 அன்று சால்ட் லேக் நகரத் துணை அணியிலிருந்து மறுபடியும் உயர்த்தப்பட்டவர்.

முதல் இன்னிங்ஸிலேயே ஜே.ஜே. ஹார்டி நடுவேலியை நோக்கி ஓங்கி அடித்தார். ஹோம் ரன் என்று உள்ளூர்க்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ட்ரௌட் பின்னோக்கி ஓடினார். ஏழடி உயர வேலியருகே எம்பினார். கையுறை வேலிக்கு அப்பால் சென்று பந்தோடு திரும்பிற்று. எதிரணிக்காரர்களே வாய்பிளந்து நின்ற அந்தக் கணத்தில் நாம் பையனின் பக்கம் திரும்பி, “பார்த்தாயா, இதுதான் தைரியம்” என்று சொல்லியும் விட்டோம். முதல் தவறே போதாது என்பதுபோல.

இரவு வீட்டுத் தொலைக்காட்சியில் அதே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதுவரை பேசாதிருந்த பையன் நம் பக்கத்தில் வந்து அமர்ந்தான்.

“மாமா, அவர் குதிக்கிறதைப் பாக்காதீங்க. அதுக்கு முன்னாடி காலைப் பாருங்க.”

பார்த்தோம். மட்டையில் பட்ட சத்தம் அடங்குமுன்பே அவர் திரும்பிவிட்டிருந்தார். வளைந்து வளைந்து ஓடவில்லை. பந்து வரப்போகும் இடத்துக்கு நேராகவே ஓடினார். வேலியருகே எப்போது எம்புவது என்று கணிக்கச் சற்று அவகாசமும் இருந்தது. அந்தத் துள்ளல், முதல் அடி சரியாக விழுந்ததன் பலன். அதே பந்துக்கு அரை நொடி தாமதமாகத் திரும்புகிறவர் வேலியை எட்டியிருக்கவே மாட்டார். ஹோம் ரன் போனதற்காக அவரை எவரும் குறைசொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

“பாஞ்சு விழுந்து புடிக்கிறவங்கள்ல பாதிப்பேர் லேட்டாக் கெளம்பினவங்க மாமா. சீக்கிரம் கெளம்பினா நின்னுக்கிட்டே புடிச்சுரலாம்” என்றான். பிறகு, தன் ஆட்டத்தைப் பற்றி அவனாகவே ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: “அன்னிக்கு நான் பாஞ்சு தவறவிட்டிருந்தா, பந்து எனக்குப் பின்னாடி வேலி வரைக்கும் உருண்டிருக்கும்.”

நமக்கு அப்போதுதான் உறைத்தது. பந்து தாண்டிப் போயிருந்தால் முதல் பேஸில் நின்றவன் அங்கேயே ஓடி முடித்து ஆட்டத்தைச் சமன் செய்திருப்பான். அடித்தவன் மூன்றாம் பேஸில் நின்றிருப்பான். பையன் அந்த இரண்டு நொடிக்குள் கணக்குப் போட்டிருக்கிறான். அடுத்தவன் ஓங்கி அடித்ததால் கணக்கு தோற்றது. கணக்குப் பிழையானது என்று ஆகிவிடாது.

அதற்குப் பிறகே இந்தக் கலையை அளப்பதன் வரலாற்றைத் தேடிப் படித்தோம். நம்மைப்போல் ஏமாந்தவர்கள் அநேகர். நெடுங்காலம் ஃபீல்டிங்கை ‘எர்ரர்’ எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிட்டார்கள். பந்தின் அருகே போனவன்தான் அதைத் தவறவிட முடியும். போகவே முடியாதவனின் ஏட்டில் பிழையே இராது. இந்த முரணைக் கண்டுகொண்ட பில் ஜேம்ஸ் 1976இல், ஒருவர் எத்தனை அவுட்களில் பங்குகொள்கிறார் என்பதை எண்ணச் சொன்னார். பின்னர் ஜான் டூவன் போன்றோர், ஒவ்வொரு பந்தும் எங்கே எவ்வளவு வேகத்தில் விழுந்தது என்று பதிவுசெய்து, அதைப் பிறர் எத்தனை முறை பிடித்திருக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டார்கள்.

அத்தகைய கணக்கில் ட்ரௌட் 2012இல் தம் அணிக்குச் சராசரி ஆட்டக்காரரைவிட இருபதுக்கும் மேற்பட்ட ஓட்டங்களை மிச்சப்படுத்தியிருந்தார். ஆனால் பயிற்சியாளர்கள் வாக்களித்துத் தரும் தங்கக் கையுறை விருது, அவ்வாண்டு சென்டர் ஃபீல்டுக்கு ஓரியோல்ஸின் ஆடம் ஜோன்ஸுக்குப் போயிற்று. கண்கள் தோற்றன, எண்கள் வென்றன என்று எழுதிவிடலாம்போல் இருக்கும். அவசரம் வேண்டாம். மறு ஆண்டே, 2013இல், அதே ட்ரௌட் அதே கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினார். 21 வயதுக் கால்கள் ஓராண்டில் மூப்படைந்துவிடவில்லை. ஒரு சென்டர் ஃபீல்டர் ஓர் ஆட்டத்தில் பிடிப்பது இரண்டு மூன்று பந்துகள். அவற்றுள் பெரும்பாலானவை யாரும் பிடிக்கக்கூடியவை. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டும் கடினமான பந்துகள் மாதத்துக்குச் சிலவே வருகின்றன. ஓராண்டுக் கணக்கே இப்படி ஊசலாடும்போது, இரண்டு வாரம் ஆடியவனை ஒரே பந்தைக் கொண்டு அளந்த நம் துணிச்சலை என்னென்பது?

2015 முதல் எல்லாப் பெருமன்ற மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கண்காணிப்பு முறை வந்துவிட்டது. பந்து எவ்வளவு நேரம் வானில் இருந்தது, ஆட்டக்காரர் எவ்வளவு தூரம் ஓடவேண்டியிருந்தது என்பதிலிருந்து, அதைப் பிடிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் மூன்று நொடிகளில் அவர் சரியான திசையில் எத்தனை அடி கடந்தார் என்பதும் இன்று தனியே அளக்கப்படுகிறது. பையன் சொன்ன ‘கால்’ எண்ணாகிவிட்டது.

ஆயினும் ஒன்று எஞ்சுகிறது. பிடிக்க 25 சதவீத வாய்ப்புள்ள பந்தைப் பிடித்தால் கணக்கில் 0.75 வரவு, பிடிக்காவிட்டால் 0.25 பற்று. பாய்ந்து தவறவிட்டவனுக்கும், நின்று நிதானித்து ஒரு துள்ளலில் பிடித்து ஓட்டக்காரனை நிறுத்தியவனுக்கும் இந்தக் கணக்கில் ஒரே பற்றுதான். முதல் பேஸில் யார் நின்றார், முன்னிலை எத்தனை ஓட்டம் என்பதை அது கேட்பதில்லை. அன்று அந்தப் பள்ளி மைதானத்தில் இன்றைய கருவிகள் எல்லாம் இருந்திருந்தாலும் பையனின் பெயருக்கு எதிரே சிறியதொரு கழித்தல் குறியே விழுந்திருக்கும். அவன் எதைப் பிடிக்கவில்லை என்பது தெரிந்திருக்கும். எதைத் தடுத்தான் என்பது, அவன் வாய்திறந்து சொல்லும்வரை நமக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மாலை, பக்கத்துப் பூங்காவில் நம்மை சென்டர் ஃபீல்டில் நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். மன்னிப்பு என்ற சொல் மாமன் வாயில் எளிதில் வருவதில்லை, இப்படித்தான் வந்தது. பையன் தன் கையுறையை நமக்கு மாட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டான். அத்தான் மட்டையை வீசினார். பந்து நம்மை நோக்கி நேராக வந்தது. பக்கவாட்டில் போகும் பந்தின் வளைவைக் கண் காணும். நேரே வருவது வானில் ஒரு புள்ளியாக நிற்கும். முன்னால்தான் விழும் என்று முழு நம்பிக்கையோடு இரண்டடி முன்னே வைத்தோம். அது நம் தலைக்கு மேலே சென்று, வெகு தூரம் பின்னால் விழுந்து உருண்டது.

பையன் சிரிக்கவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை. ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்து, “இன்னொண்ணு அடிங்கப்பா” என்றான்.